ஊற்றுக்கு மேலே ஒதுங்கச் சொன்னது நானே

அனுப்புநர்:
விஹ்ரா டோன்செவா (வயது 38),
மருந்தாளுநர்,
செயலாளர், கமென்டோல் பாறையேறுவோர் சங்கம்,
பிளோவ்டிவ்.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்,
கமென்டோல்.

பொருள்: திருமதி ஸ்லாவ்கா ஹாஜியேவாவின் பாலாடைக்கட்டிக் கூடம் முத்திரையிடப்பட்டது – ஊற்று நீர் கெட்டதற்குக் காரணமான என் மீது நடவடிக்கை எடுக்கவும், அவர் மீதான ஆணையை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் அலுவலக விசாரணைக் கடிதம், நாள் 12.05.2023.
2. எனது பதில் கடிதம், நாள் 15.05.2023 (பொய்யானது).
3. தங்கள் அலுவலக ஆணை, நாள் 19.05.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை 2-இல் கண்ட கடிதத்தை எழுதிக் கையெழுத்திட்டவள் நான். அதில் "எங்கள் உறுப்பினர் எவரும் ஊற்றுக்கு மேற்புறம் செல்லவில்லை" என்றும், "முகாமின் கழிப்பறைகள் ஏப்ரல் 22 அன்று முறைப்படி காலி செய்யப்பட்டன" என்றும் தெரிவித்திருந்தேன். இரண்டும் பொய். எழுதும்போதே பொய் என்று அறிந்து எழுதினேன். அக்கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நடந்ததைக் கீழே பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

2. கமென்டோல் சுண்ணாம்புப் பாறைக்கு ஒன்பது ஆண்டுகளாக எங்கள் சங்கத்தினர் வார இறுதிகளில் வந்து ஏறுகிறோம். பாறை வனத்துறைக்குச் சொந்தமானது. நாங்கள் கூடாரம் அடிக்கும் புல்வெளி மட்டும் திருமதி ஸ்லாவ்கா ஹாஜியேவாவுடையது. அறுபத்தோரு வயதான அவர் எண்பத்து நான்கு ஆடுகளை வைத்துப் பாலாடைக்கட்டி செய்து வாழ்பவர். புல்வெளியை எங்களுக்குத் திறந்துவிட்ட நாளில் வாடகை எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்: "மேல ஏறுங்க, கயிறு கட்டித் தொங்குங்க, என்ன வேணா பண்ணுங்க. ஊத்துக்கு மேல மட்டும் ஒருத்தரும் ஒதுங்கக் கூடாது. அந்தத் தண்ணியிலதான் நான் பாத்திரம் கழுவுறேன்." அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி நட்டவள் நானே. அதன் வர்ணம் மங்கும்போதெல்லாம் மறுபடி பூசியவளும் நானே.

3. புல்வெளிக்குக் கீழே இரண்டு உலர் கழிப்பறைகள் கட்டியிருக்கிறோம். வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை தொட்டிகளைக் காலி செய்து, மூடிய பீப்பாய்களில் நகருக்குக் கொண்டு போக வேண்டும். இந்த வசந்தத்தில் அது என் முறை. ஏப்ரல் 22 அன்று அதற்காகவே காரில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்த இடத்தில் பாறை காய்ந்திருந்தது, காற்று இல்லை. இரண்டு ஆண்டுகளாக நான் ஏற முயன்று பாதியில் விழுந்துகொண்டிருந்த ஒரு செங்குத்துப் பாறைத் தடம் அங்கே இருக்கிறது. நாள் முழுவதும் அதில் தொங்கினேன். அன்றும் ஏற முடியவில்லை. மாலையில் கை வீங்கிப்போயிருந்தது. பீப்பாய்களைத் திறக்காமலே பொறுப்பேட்டில் "முடிந்தது" என்று எழுதிவிட்டு வீடு திரும்பினேன். அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். செய்யவில்லை.

4. ஏப்ரல் 29, 30 ஆகிய இரு நாட்களிலும் நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். சனிக்கிழமை நண்பகலுக்குள் இரண்டு கழிப்பறைகளும் நிரம்பிவிட்டன. அவ்வேளையில் நான் அதே தடத்தில், தரையிலிருந்து பதினைந்து மீட்டர் உயரத்தில் இருந்தேன். பேருந்து ஓட்டுநரான எங்கள் உறுப்பினர் திரு. டிராகோமிர் பாவ்லோவ் கீழே நின்று கூப்பிட்டார். "விஹ்ரா, கக்கூஸ் ரெண்டும் நிரம்பி வழியுது. பொம்பளைங்க நிக்கிறாங்க. எங்கதான் போகச் சொல்றது?" என்றார். "மேல பள்ளத்துப் பக்கம் போகச் சொல்லுங்கண்ணே, இன்னிக்கு ஒரு நாள்தானே" என்றேன். அவர் நகரவில்லை. "அது ஊத்துக்கு மேலல்ல?" என்று கேட்டார். "அண்ணே, நான் கயித்துல இருக்கேன், இப்பப் போய்க் கேக்குறீங்களே" என்று சிடுசிடுத்தேன். கீழே பார்க்கக்கூட இல்லை. அவர் போய்ச் சொன்னார். நாற்பத்தாறு பேரும் நான் கைகாட்டிய இடத்துக்கே இரண்டு நாளும் போனார்கள். பெரும்பாலோர் புதியவர்கள், செயலாளரே சொன்ன பிறகு பலகையை யார் படிப்பார்கள்? அவர்கள் மீது குற்றம் இல்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

அந்தத் தடத்தை அன்று ஏறி முடித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

5. திங்கள், செவ்வாய் இரு நாளும் மழை கொட்டியது. மே 6, புனித கியோர்கி திருநாளில் ஊரே கூடி ஆட்டிறைச்சியும் ஸ்லாவ்கா அம்மையாரின் புதுப் பாலாடைக்கட்டியும் உண்டார்கள். மறுநாளிலிருந்து பதினொரு பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். அவர்களில் திரு. ஸ்தாமென் கோலேவ் என்ற எழுபத்தொன்பது வயது முதியவர் ஆறு நாள் மருத்துவமனையில் நரம்பு வழியே நீர் ஏற்றப்பட்டுக் கிடந்து பிழைத்து வந்தார். பாலாடைக்கட்டியிலும் ஊற்று நீரிலும் ஒரே கிருமி இருந்ததைத் தாங்கள் கண்டறிந்தீர்கள். மேற்புறம் மனிதர் எவரும் போகவில்லை என்று நான் எழுதிக் கொடுத்ததால், ஆடுகள் மேலே அவிழ்ந்து போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தீர்கள். தங்களை அந்த முடிவுக்குக் கொண்டு போனது என் கடிதம்.

6. நான் மருந்தாளுநர். ஊற்றுக்கு மேல் மலம், இரண்டு நாள் மழை, பிறகு பேதி. இதைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். தங்கள் விசாரணைக் கடிதம் வந்த அன்று கடையின் பின்னறையில் அதைப் படித்துவிட்டு மூன்று நாள் கைப்பையில் வைத்திருந்தேன். சங்கத் தலைவர் திரு. லூபென் வெல்கோவிடம் மட்டும் சொன்னேன். அவர், "உன் ஒருத்தி மனசாட்சிக்காக நாப்பது பேரு ஏறுற பாறைய மூடணுமா? ஆட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் சகஜம், கொஞ்ச நாள்ல திறந்துருவாங்க" என்றார். அவர் சொன்னதற்காக நான் எழுதவில்லை. யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் போனேன்.

7. மே 27 அன்று, கூடத்துக்கு முத்திரை விழுந்த எட்டாம் நாள், நாங்கள் வழக்கம்போல ஏறப் போனோம். இதை எழுதவே கூசுகிறது. ஸ்லாவ்கா அம்மையார் வேலி ஓரம் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்டார். "ஏம்மா, உன் கூட வந்த பிள்ளைங்க யாருக்காச்சும் வயித்துக்கு ஏதாவது ஆச்சா? என் தண்ணியத்தானே எல்லாரும் குடிச்சீங்க. கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன், மூஞ்சி இல்ல" என்றார். ஊரில் அவரைக் கை சுத்தமில்லாதவள் என்று பேசுகிறார்களாம். முத்திரை விழுவதற்கு முன் மூன்று நாள் கொதிநீரும் சோடாவும் போட்டுப் பாத்திரங்களைத் தேய்த்ததில் இரு கைகளிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. என் பையில் களிம்பு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். "நீ நல்லா இருக்கணும்" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மாலையில் பார்த்தேன்: ஆடுகளைக் கறந்து, பாலை வாளி வாளியாக வேலிக்கு அப்பால் ஒரு குழியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும் என்பதால் கறக்கிறார். பாலை வெளியே கொடுக்கவும் ஆணையில் தடை உள்ளது.

8. ஜூன் 3 அன்று தனியாகப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறப்பதை அவர் நிறுத்தவில்லை. "எப்போலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார். "மொத நாள்லேர்ந்தே தெரியும் அத்தை" என்றேன். "களிம்பு குடுத்தியே, அப்பவுமா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஆட்டைக் கறந்து முடித்து அனுப்பிவிட்டு, அடுத்ததைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத எங்கிட்ட வந்து அழுது என்ன பிரயோசனம்? பூட்டுப் போட்டவர்கிட்ட போய்ச் சொல்லு. வாயால சொல்லாத, எழுதிக் குடு. என்னப் பத்தின காயிதத்த பஞ்சாயத்துப் பலகையில ஊரே நின்னு படிச்சுது." கிளம்பும்போது களிம்புக் குழாயை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

9. மேற்கண்டவற்றுக்குச் சான்றாக: ஊற்றுக்கு மேலே நாற்பது தப்படிக்குள், சூரை முட்செடிகளின் அடியில் பதின்மூன்று இடங்களில் மலமும் காகிதமும் இன்னும் கிடக்கின்றன. தங்கள் ஆய்வாளர் கண்ணால் காண வேண்டும் என்பதற்காக அவற்றை அகற்றாமல், பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்பு நாடா கட்டி வைத்திருக்கிறேன். ஆய்வு முடிந்த அன்றே என் கையால் அகற்றுவேன். அதுவரை ஊற்று நீரை எவரும் தொடாதிருக்கத் தடுப்புக் கட்டியுள்ளோம். நானும் திரு. டிராகோமிரும் ஊரிலிருந்து அம்மையாருக்கு நீர் கொண்டு வந்து தருகிறோம். கழிப்பறைத் தொட்டிகளை நேற்று காலி செய்தோம். திரு. டிராகோமிரின் சாட்சிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. ஊற்றைப் பற்றித் தான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். அதை எழுத வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை.

10. ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,

அம்மையார் மீதான ஆணையை ரத்து செய்து, வெளியிலிருந்து கொண்டுவரும் நீரைக் கொண்டு அவர் தொழிலைத் தொடர அனுமதிக்குமாறும்;

அவரைப் பற்றிய அறிவிப்பு ஒட்டப்பட்ட அதே பலகையில், நீரைக் கெடுத்தவள் யார் என்பதை என் முழுப் பெயருடன் அறிவிக்குமாறும்;

பொய்யான பதில் அளித்ததற்காகவும், பதினொரு பேர் நோயுற்றதற்காகவும் என் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறும் வேண்டுகிறேன். முகாமை மூடுவதா, பாறையை மூடுவதா என்பது தங்கள் முடிவு. என் சங்கத்தினர் பலருக்கு இம்மனு பிடிக்கவில்லை. இதைச் சங்கத்தின் சார்பில் எழுதவில்லை, செயலாளர் பதவியையும் நேற்றுடன் விட்டுவிட்டேன்.

விசாரணைக்கு எந்த நாள், எந்த நேரம் அழைத்தாலும் வருவேன். ஆனால் என் விசாரணை முடியட்டும் என்று கூடத்தின் முத்திரையை வைத்திருக்க வேண்டாம். இம்மனு தங்கள் மேசைக்கு வரும் காலையிலும் அவர் எண்பத்து நான்கு ஆடுகளைக் கறந்து குழியில்தான் ஊற்றியிருப்பார்.

நாள்: 05.06.2023
இடம்: கமென்டோல்

செய்த தவறை ஒப்புக்கொண்டு,
(கையொப்பம்)
விஹ்ரா டோன்செவா

இணைப்பு: 1. திரு. டிராகோமிர் பாவ்லோவின் சாட்சிக் கடிதம்.
2. ஊற்றின் மேற்புறப் புகைப்படங்கள் – 13.
3. "முடிந்தது" என்று நான் எழுதிய பொறுப்பேட்டின் பக்கம், அசல்.