பச்சை வட்டத்தின் மேல் மணல் நிறம்

தெற்குப் பாலைவனத் தளம்,
பிப்ரவரி 1986

அன்புள்ள மப்ரூகா,

இறைவன் கருணையால் நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மருந்து சாப்பிடுகிறார்களா?

நேற்று ஒரு வேடிக்கை. நம் லிபிய விமானங்களில் ஒன்பது வருடமாக நாட்டு அடையாளமான பச்சை வட்டம் வரைந்த என்னையே, அதன்மேல் மணல் நிறம் பூசச் சொன்னார்கள். வால் எண்களையும் மறைக்க வேண்டுமாம்.

"எதுக்குங்க ஐயா?" என்று கேட்டேன்.

"கேள்வி கேக்காம பூசு" என்றார் கேப்டன்.

என்ஜின் பார்க்கும் பூஅஜீலா சிரித்தான். "இனி இது யாரு பெத்த பிள்ளைன்னு கேட்டா, எல்லாரும் கைய விரிச்சிடலாம்டா மிலூத்!" நானும் சிரித்தேன்.

இன்று காலை எல்லை தாண்டிப் போன ஒரு விமானம் திரும்பவில்லை. நம் விமானம் எதுவும் எல்லை தாண்டவே இல்லை என்று மதியச் செய்தியில் சொன்னார்கள். பிறகு எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள்.

நாளை நானும் பூஅஜீலாவும் எல்லைக்கு அப்பால் போகிறோம். தரை வேலைதான், பயப்படாதே.

அங்கே குளிர் அதிகமாம். கம்பளிச் சட்டை ஒன்றை இந்தத் தளத்துக்கே அனுப்பு, அங்கே கொண்டுவந்து தருவார்கள். உள்பக்கம் என் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் அழுத்தமாகத் தைத்துவிடு. சலவையில் துணிகள் மாறிப்போகின்றன.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் மிலூத்