குதிரை கட்டிய கல்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

கோயிலைச் சுற்றியிருந்த பாதுகாப்பு எல்லைக்குள் இனி எங்கள் தெருவும் வருகிறதாம். பழைய வீடுகளை இடிக்கக் கூடாது என்று இன்று பேரூராட்சிக் கூட்டத்தில் தொல்லியல் துறை அதிகாரியம்மா வாசித்தார். காரணம், எங்கள் வாசல் கல்லில் ராஜா குதிரை கட்டினாராம்.

அது நான் விட்ட கதை! போன மாதம் தெருவை அளக்க வந்த பிள்ளைகளுக்குக் காப்பி கொடுத்தபோது சொன்னேன்; அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல காப்பி, கம்பம் சந்தையில் வாங்கிய தூள். அந்தக் கல்லில் நாங்கள் கட்டியது எருமையைத்தான்.

பக்கத்து வீட்டில் என் தம்பி பாண்டி. ஒழுகுகிற வீட்டை இடித்துக் கட்டச் செங்கல்லும் இறக்கிவிட்டான்.

"எந்தப் பய இதச் சொன்னது? ஒனக்குத் தெரியுமாண்ணே?" என்று கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்.

எழுந்து நின்றேன். "ஆத்தா, அது கட்டுக்கதை. நாந்தேன் சொன்னேன்."

அதிகாரியம்மா சிரித்தார். "வீட்ட இடிக்கக் கூடாதுன்னதும் மாத்திப் பேசுறீகளே, ஐயா!"

கூட்டமே சிரித்தது. பாண்டி மட்டும் என்னையே பார்த்தான்.

இப்போது தூறல் விழுகிறது. அவன் வீட்டில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கிறது.