எண்ணெய் டாங்கியும் நான் தட்டிய கதவும்

பதுளை
1926 நவம்பர்

மருதானையில் இருக்கும் என் அன்பு மகள் றமீலாவுக்கு உம்மா ஸகீனா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே உன் வாப்பாவுக்கு விடாத தடிமல், எனக்கு விடாத யோசனை, மற்றபடி அல்லாஹ் சுகமாகத்தான் வைத்திருக்கிறான். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மருமகன் காமிலும் உன் மாமியும் அங்கே எப்படி இருக்கிறீர்களோ என்று நினைத்தால் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறேன், உப்புப் போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் போடுகிறேன். வாப்பா சாப்பிட்டுவிட்டு இரண்டு குவளை தண்ணீர் குடிக்கிறார்.

எல்லாம் உன் மாமி சொல்லியனுப்பிய அந்த ஒரு பேச்சால் வந்தது. தலைப்பிள்ளைக்கு மகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டிவருவது நம்மில் என்றைக்கும் உள்ள வழக்கம், நானும் என் உம்மாவின் இந்த வீட்டில்தான் உன்னைப் பெற்றேன். அதைத் தெரிந்துகொண்டே, பதுளையில் லாம்பு வெளிச்சத்தில் பிள்ளை பெறுவதா, எங்கள் வீட்டில் கரண்ட் விளக்கு இருக்கிறது, கூப்பிட்டால் லேடி டாக்டர் வருவாள் என்று அவர் சொன்னாராம். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். என் வீட்டில் வெளிச்சம் இல்லையாம். சரி, அந்தச் சாக்கு இல்லாமல் செய்துவிட்டு மகளைக் கூப்பிடுவோம், பிள்ளை பெற்ற அறையில் நாற்பது நாளும் அணையாமல் எரிகிற லாம்பு கொழும்பு விளக்கை வெட்கப்படுத்தட்டும் என்று அன்றைக்கே மண்ணெண்ணெய் விசாரிக்கத் தொடங்கினேன். உன் வாப்பாவை இருக்கவிடவில்லை, நிற்கவிடவில்லை.

நமக்கு வழக்கமாக எண்ணெய் தருகிறவர் நஸீர் நானா, உனக்குத் தெரியும். ரயில் பதுளைக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அந்த மனிதர் இன்னும் மாட்டு வண்டியில்தான் பண்டாரவளையிலிருந்து தகரம் தகரமாக ஏற்றி வருகிறார். ரயிலை நம்புகிறவன் நம்பட்டும், என்ட மாடு நேரத்துக்கு வரும் என்பார். மாடு வரும், மழையில் பாதை சரிந்தால் மாடு என்ன செய்யும். ஒரு கிழமை எண்ணெய் இல்லாமல் நாம் தேங்காய் எண்ணெய்த் திரியோடு இருந்தது உனக்கு மறந்திருக்காது. ஆனால் அவருடைய தகரம் ஈயம் வைத்து அடைத்தபடியே வரும், நம் கண்முன்னால்தான் உடைப்பார், வெறுந்தகரமும் நமக்கே. அடுத்தது ஹாலிஎல கடைக்காரர் அனுப்புகிற சில்லறை எண்ணெய், போத்தலுக்கு இரண்டு சதம் மலிவு. மூன்றாவது, இப்போது புதிதாகக் கொழும்புக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டாக வந்திருக்கும் புவாத் என்கிற பொடியன். கம்பெனியே ஓர் இரும்பு டாங்கியைக் கொண்டுவந்து நம் வீட்டு வளவில் வைத்துவிடுமாம், அதற்குக் காசு இல்லையாம், ரயிலில் எண்ணெய் வர வர அவர்களே ஊற்றிவிட்டுப் போவார்களாம், மழையானாலும் வெயிலானாலும் எண்ணெய்க்குத் தட்டுப்பாடே வராதாம். திரைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் பேசின பேச்சில் எனக்கே அந்த டாங்கியைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனாலும் நான் சும்மா விடவில்லை. மூன்று லாம்பைக் கழுவி, மூன்றுக்கும் புதுத் திரி போட்டு, லாம்புக்கு ஓர் எண்ணெய் ஊற்றி அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பிறகு கூடத்தில் வரிசையாக வைத்தேன். வாப்பா வந்து, யாருக்கு லாம்பு வச்சு ராத்திபு ஓதப் போறோம் என்று கேட்டார். ஹாலிஎல எண்ணெய் அரைமணி நேரத்தில் சிமினியைக் கறுப்பாக்கிவிட்டது, அதற்கு ஒரு கும்பிடு. நஸீர் நானாவுடையதும் கம்பெனியுடையதும் ஒரேமாதிரி வெள்ளையாக எரிந்தன. அப்படியானால் டாங்கியே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பிறகுதான் புவாத் மற்றதைச் சொன்னான். டாங்கி கம்பெனி சொத்து, வேறு யாருடைய எண்ணெயும் அதில் ஒரு சொட்டு விழக் கூடாது, ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது, ஊற்றுகிற மூடிக்குப் பூட்டு, சாவி அவர்களிடம். நம் வளவில் இருக்கிற சாமானுக்கு ஊரான் கையில் சாவி இருப்பது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. உன் மாமியின் பேச்சு காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. கிணற்றடியில் நாம் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ எடுக்கத் தண்ணீர் நிறைக்கிற இரும்பு டாங்கி இருக்கிறதல்லவா, அதற்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒரே செங்காவி நிறம், ஒரே உயரம்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை இனிச் சொல்கிறேன், பதறாதே, எல்லோரும் உயிரோடு நன்றாக இருக்கிறோம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நமக்கு வேலைக்கு வருகிற அங்கம்மா காலையில் தண்ணீர் டாங்கியைத் தேய்த்துக் கழுவி, காயட்டும்மா, பொழுது சாய வந்து நெறப்புறேன் என்று மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துப் பின் கேற்றில் கம்பெனி வண்டி. எண்ணெய் கொண்டாந்திருக்கோம், ஊத்தவா என்று கேட்கிறான் ஓர் ஆள், யாரென்று தெரியாத அந்நிய ஆண். நான் எப்படிக் குரல் கொடுப்பேன். நம் வீடுகளில் செய்கிறபடி உள்ளே நின்று கதவுப் பலகையை இரண்டு தட்டுத் தட்டினேன். வீட்டில் ஆண்கள் இல்லை, பிறகு வாருங்கள் என்று அதற்குக் கருத்து, பதுளைக் கடைத்தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் கொழும்பான். ஊற்றச் சொல்லித் தட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டான். புவாத் சாவியைக் கொடுத்தனுப்ப மறந்திருக்கிறான், பூட்டின டாங்கிக்குப் பக்கத்தில் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, அதுதான் நமக்கென்று வைத்தது என்று எல்லாத் தகரத்தையும் அதற்குள் கவிழ்த்து, கையோடு மூடியையும் போட்டுவிட்டுப் போய்விட்டான். நான் திரைக்குப் பின்னால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர்களுடைய டாங்கியில்தான் ஊற்றுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பின்னேரம் அடித்த மழையில் அங்கம்மா வரவில்லை. வளவெல்லாம் மண்ணெண்ணெய் வாடை, புது டாங்கி அப்படித்தான் மணக்கும் என்று வாப்பாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன்.

அவர் அன்றைய மற்ற வக்துத் தொழுகைகளுக்குப் பள்ளிவாசலில்தான் வுளூ எடுத்தார், எனக்குக் குசினிக் குடத்துத் தண்ணீர் போதுமாக இருந்தது. மறுநாள் விடியற்காலை சுபஹுக்கு மழை விடாததால் வீட்டிலேயே தொழுகிறேன் என்று, டாங்கி நிறைக்காமல் கிடப்பது தெரியாமல், கைலாம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தடிமல் மூக்கு, ஒன்றும் மணக்கவில்லை. லாம்பைக் காலடியில் வைத்துவிட்டு, மூடியைத் தள்ளி, சிரட்டையால் மொண்டு கையில் ஊற்றியிருக்கிறார், சட்டைக் கையும் சாரமும் நனைந்திருக்கிறது. தண்ணீர் என்ன வழுக்குது என்று அவர் தனக்குத்தானே கேட்டது குசினியில் நின்ற என் காதில் விழுந்தது. மகளே, அங்கம்மா நிறைக்காத டாங்கியில் தண்ணீர் ஏது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முக்காடு எங்கே போனதோ தெரியாது, திரையைப் பிய்த்துக்கொண்டு வெளியில் ஓடினேன். இத்ரூஸ், அசையாதீங்க, லாம்பைத் தொடாதீங்க என்று கத்தினேன். ஆமாம், பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு தடவையும் என் வாயில் வராத பெயர். அவர் கல்லாய் நின்றார். நான் போய் லாம்பைத் தூக்கித் தூர எறிந்தேன். என் சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆண்கள், தெருவில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் வேலிக்கு வந்துவிட்டார்கள். தலையில் துணி இல்லாமல் நடு வளவில் நான் நிற்கிறேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் ஓடிவந்து வாப்பாவின் மேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள்.

அன்றைக்கு முழுக்க வாப்பா தன் கடையைத் திறக்கவில்லை. நானும் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான், நீ கதவைத் தட்டிக்கிட்டு நின்டிருந்தா நான் இப்ப கரிக்கட்டை என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, அந்தப் புள்ளக்கி வெளிச்சமா வேணும், அவக்கி நீதான் வேணும், வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு நீ போ என்றார். நான் அழுதேன் றமீலா. இத்தனை நாளும் உன் மாமியை ஜெயிக்கத்தான் ஓடினேனே தவிர, ஏழு மாத வயிற்றோடு நீ அந்த ரயிலில் இவ்வளவு தூரம் குலுங்கி வர வேண்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேனா.

புவாத் வந்து தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வருஷப் பேச்சையும் விட்டுவிட்டு, கவிழ்த்த எண்ணெயையும் கம்பெனி டாங்கியையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தண்ணீர் டாங்கியைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டு அங்கம்மா தேய்க்காத தேய்ப்பு இல்லை, வாடை போகவில்லை, இனி அதுதான் நம் எண்ணெய் டாங்கி. பூட்டு நம்முடையது, சாவி என் இடுப்பில், யாரிடம் வேண்டுமானாலும் வாங்கி ஊற்றலாம். இப்போதைக்கு நஸீர் நானாவின் தகரம்தான். அவர் வந்து பார்த்துவிட்டு, என்ட மாடு ஒரு நாளும் தண்ணி டாங்கியில ஊத்தல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகையால் நீ வர வேண்டாம், நான் வருகிறேன். அடுத்த வியாழன் காலை ரயில், வாப்பா கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவார், நான் நாற்பது முடியும்வரை இருப்பேன். ஒரு லாம்பும் ஒரு போத்தல் எண்ணெயும் கொண்டுவருவேன், உன் மாமி சிரித்தால் சிரிக்கட்டும், கரண்ட் நின்றுபோகாது என்று யார் எழுதிக் கொடுத்தது. அதுவரைக்கும் படியில் பார்த்து இறங்கு, பாரம் தூக்காதே, மஃரிபு நேரத்தில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்காதே. அல்லாஹ் உன்னையும் உன் வயிற்றில் உள்ளதையும் இரண்டாகப் பிரித்துச் சுகமாக வைப்பான், வாப்பாவின் துஆவும் என் துஆவும் எப்போதும் உன்னோடு.

மருமகன் காமிலை ஸ்டேஷனுக்கு அனுப்பு. மாமியார் நான் தன் முன்னால் வரமாட்டேன், பெண்கள் பெட்டியில் கதவைத் தட்டினால் அப்போது போய்ப் பார்க்கலாம் என்று அவர் தூரத்தில் நிற்பார். நிற்க வேண்டாமென்று சொல். நான் தட்ட மாட்டேன், இறங்கி நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

உன்னைப் பார்க்கத் துடிக்கும் உம்மா,
ஸகீனா