மதியத்துக் கையும் விடியற்காலைக் கையும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஒரே மகள், அம்மாவின் பாஷையில் 'வாலு', வணக்கத்தோடு எழுதுவது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேசும்போதெல்லாம் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். நான் வாயைத் திறந்தால் கண்ணாலேயே பூட்டுப் போடுகிறாள். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இது அங்கே உங்களுக்காகக் காத்துக்கொண்டு இருக்கும்.

முதலில் கெட்ட சேதி. நல்ல சேதி பெரிது, அதற்கு நிறைய இடம் வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் பேக்கரியை மூடிவிடுவதாக அம்மா முடிவு பண்ணியிருந்தாள். சாவியைத் தந்துவிடுகிறேன் என்று கட்டிடக்காரரிடம் சொல்லியும் ஆயிற்று. உங்கள் காதுக்குப் போகக்கூடாது என்று எனக்கும், கடையில் ரொட்டி சுடுகிற நம் ஓவன் மாமாவுக்கும் கண்டிப்பான உத்தரவு. மாமா உத்தரவுக்கு அடங்கினார். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

காரணம், அவள் விரல். டாக்டர் அதற்கு முடக்குவாதம் என்று பெயர் சொன்னது உங்களுக்குத் தெரியும். மாத்திரையில் அடங்கிவிட்டது என்று அம்மா சொன்னதும் தெரியும். முதலாவது உண்மை, இரண்டாவது அம்மா. பெயரிலேயே வாதம் இருக்கிற நோய் வந்தும் டாக்டரிடம் ஒரு வார்த்தை வாதாடத் தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

விடியற்காலையில் நீங்கள் அவளைப் பார்க்க வேண்டும், அப்பா. கட்டிலில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்ப்பாள். அவை மடங்காது. கடைக்கு வந்து ஓவனைப் போட்டதும் அதன் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். மாவு மூட்டையின் நூலைப் பல்லால் இழுப்பாள். மாவு பிசைய வேண்டியவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், அப்புறம் முழங்கையால் அழுத்துவாள். டீ டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துக் குடிப்பாள். நம் கடைப் பலகையில் 'பின்னல் ரொட்டி' என்று எழுதியிருந்ததை அவளே துடைத்துவிட்டாள். வாங்க ஆள் இல்லையாம். ஆட்கள் தினமும் வந்து கேட்கிறார்கள். பின்னத்தான் விரல் இல்லை.

டாக்டரைப் பார்க்கப் போவது எப்போதும் மதியம், ரொட்டியெல்லாம் விற்ற பிறகு. அதற்குள் வேலை செய்து செய்து விரல் கொஞ்சம் இளகியிருக்கும். போதாததற்கு ஒரு வலி மாத்திரை, ஒரு வாளி வெந்நீர், இருப்பதிலேயே நல்ல உடை. பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இவ்வளவு ஏற்பாடு இருக்காது. எப்படி இருக்கீங்க என்று டாக்டர் கேட்பார். உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் டாக்டர் என்பாள். அவர் விரல் கணுக்களை அழுத்துவார். இவள் போட்டோவுக்கு நிற்பது போலச் சிரிப்பாள். அவரும் சந்தோஷமாக அதே மாத்திரையை எழுதுவார்.

ஏம்மா இப்படிப் புளுகுறே என்று ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன். பாவம்டி, அவ்வளவு அக்கறையா மருந்து தர்றார், வேலை செய்யலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது என்றாள். நோயாளி டாக்டருக்கு ஆறுதல் சொல்கிற குடும்பம் உலகத்திலேயே நம் குடும்பம்தான்.

பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் டப்பாவுக்குள் காய்ந்த மாவுக் குச்சிகளை வைத்து நான் திட்டு வாங்கினது நினைவிருக்கிறதா? இந்த முறை அதே வாலை நல்ல காரியத்துக்கு ஆட்டினேன். பழைய ஓவன் கையுறை இரண்டை எடுத்து, மேலே மாவைப் பூசி, ஓவன் ஓரத்தில் காயவைத்தேன். பலகை மாதிரி விறைத்துப்போயின. உள்ளே, விரல் கணு படுகிற இடமாகப் பார்த்து, கல் உப்பை ஒட்டினேன். அம்மாவுக்குத் தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு கூடவே போனேன்.

டாக்டர் வழக்கம்போல அழுத்திப் பார்த்தார், அம்மா வழக்கம்போலச் சிரித்தாள். அவர் பேனாவை எடுத்ததும் நான், டாக்டர் ஒரு சின்ன உதவி, இதைப் போட்டுக்கிட்டு உங்க கோட்டு பட்டனைப் போடணும், இந்த மாத்திரை டப்பாவையும் திறக்கணும் என்றேன். அம்மாவின் கண் அப்படியே என்னைப் பொரித்தது. நல்ல மனுஷர், போட்டுக்கொண்டார். பட்டன் சிக்கவில்லை. விரலை மடக்கியதும் 'ஸ்ஸ்' என்றார். டப்பா உருண்டு மேஜைக்கு அடியில் போயிற்று. இது என்ன விளையாட்டு என்று கேட்டார்.

"இது அம்மாவோட விடியற்காலைக் கை, டாக்டர். நீங்க எப்பவும் பார்க்கிறது மதியத்துக் கை" என்றேன்.

 அம்மா எழுந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றவே இல்லை. அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மா கையை நான் போட்டுப் பார்த்துட்டேன். இப்ப நீ என் நாற்காலியில உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். சுற்றுகிற நாற்காலி. ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று நினைத்தேன், அதற்குள் அவர் கேள்வி வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை சுமார். விரலில் வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டு நல்லா இருக்கேன் என்கிறாள். அடுத்த படியில் ஒரு ஊசி இருக்கிறது. அது வாதத்தை அடக்கும், கூடவே உடம்பின் காவலையும் கொஞ்சம் தளர்த்திவிடும். சாதாரணக் காய்ச்சல்கூடப் பெரிதாகலாம். நல்லா இருக்கேன்னு சொல்றவங்களுக்கு நீ அதை எழுதுவியா என்று கேட்டார்.

அவர் பேனாவை எடுத்துப் பார்த்தேன், எழுதாமல் திரும்ப வைத்துவிட்டேன், அப்பா.

அவர் அதட்டலாகச் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மெதுவாகத்தான் சொன்னார். வெளியே வராந்தா முழுக்க ஆள் காத்திருக்கிறதாம். ஒருத்தர் நல்லா இருக்கேன் என்று சொன்னால் அன்றைக்கு அவருக்கும் அது தேவைப்படுகிறதாம், அதனால் சட்டென்று நம்பிவிடுகிறாராம். இவர் மனம் நோகக்கூடாது என்று அவள் மறைத்தாள். அவள் சிரிப்பைக் கலைக்கக்கூடாது என்று அவர் தோண்டவில்லை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நோகாமல் பார்த்துக்கொண்டதில் நொந்தது விரல் மட்டும்தான்.

பிறகு அம்மாவிடம், "எப்படி இருக்கீங்கன்னு இனிமே கேட்க மாட்டேன். இன்னைக்குக் காலையில எதைச் செய்ய முடியலை?" என்றார்.

அம்மா அவர் இப்போது கழற்றி மடியில் வைத்திருந்த அந்தக் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னல் போட வரலை டாக்டர் என்றாள், எதையோ திருடினவள் மாதிரி. அப்புறம் அணை உடைந்தது. நூல், டம்ளர், முழங்கை, மூடப்போகிற கடை, எல்லாம் வந்தது. எனக்கே தெரியாத ஒன்றும் வந்தது. என் தலையை வாரிவிடுவதை அவள் நிறுத்தியது, நான் பெரியவளாகிவிட்டேன் என்பதால் இல்லையாம்.

உடனே பக்கத்து அறையில் அவள் கையில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார். திரையில் மூட்டுக்குள் சிவப்புச் சிவப்பாக மினுங்கியது. வெளியே வீக்கம் தெரியாமலே உள்ளே எரிந்துகொண்டு இருந்திருக்கிறது. டாக்டர் முகம் ஒரு நிமிஷம் விழுந்துவிட்டது. அப்புறம் அம்மாவிடம் சொன்னார்: "உங்களுக்கு நாளைக்குக் காலையில பின்னணும். எனக்கு நீங்க வயசான பிறகும் பின்னணும். ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே கைதான்."

ஊசி தொடங்கப் போகிறார்கள். இனிமேல் காலையில் முதல் ஆளாக, வலி மாத்திரை போடாமல் வரவேண்டுமாம். சாவி விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு என் மேல் கோபம். படுக்கும் முன் மட்டும், உப்பு ரொம்பக் குத்தியிருக்குமோடி, பாவம் என்றாள்.

இது உங்களுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். போனில் நன்றாக நடியுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
வாலு

*

என் அருமை அப்பாவுக்கு,

போனில் நீங்கள் நடித்த லட்சணம்! என்ன, கடை எல்லாம் திறந்துதானே இருக்கு என்று யாராவது கேட்பார்களா? அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் வெளியாகிவிட்டது. போகட்டும். இந்தக் கடிதம் அவள் அனுமதியோடு எழுதுவது.

ஊசி பேனா மாதிரி இருக்கிறது. எழுதாத பேனா, ஆனால் தலையெழுத்தை மாற்றுகிற பேனா. முதலில் மார்புப் படம், ரத்தம், அது இது என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ள நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார், ஸ்பாஞ்சில் குத்திப் பழகச் சொல்லி. அம்மா பன்னில் குத்திப் பழகினாள். அந்தப் பன்னுக்கு இந்த ஜென்மத்தில் வாதம் வராது.

ஆனால் ஊசி போட்ட மறுநாளே ஓடி ஆடினாள் என்று நினைக்காதீர்கள். வாரக்கணக்கில் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு காய்ச்சல். டாக்டர் அன்றைக்கே வரச்சொல்லிப் பார்த்தார், ஊசியை நிறுத்திவைத்தார். அம்மா திரும்பவும் கட்டிடக்காரர் நம்பரைத் தேடினாள். நான் போனை ஒளித்துவைத்தேன். நிறுத்தினதைப் பின்வாங்கினதா நினைக்காதீங்க, மூச்சு வாங்கிக்கிறதா நினைங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னபோது அவர் குரலிலும் கொஞ்சம் பயம் இருந்தது. அதை மறைக்காமல் சொன்னதால்தான் அம்மா அவரை நம்பினாள் என்று நினைக்கிறேன். காய்ச்சல் போயிற்று, ஊசி திரும்ப வந்தது.

அதுவரை விடியற்காலையில் மாவு பிசைந்தது நான். என் முதல் ரொட்டியைத் தட்டிப் பார்த்த ஓவன் மாமா, இன்னும் கொஞ்சம் சுட்டுக் கொடும்மா, பின் சுவர் இடிஞ்சு கிடக்கு என்றார்.

இப்போது முக்கியமான இடம். நேராக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் விடியற்காலையில், மாமாவின் டீயில் சர்க்கரைக்குப் பதில் சோடா மாவைப் போட்டுவிட்டு மூலையில் நின்று வேடிக்கை பார்த்தேன். அவர் முகம் போன போக்கு! பின்னாலிருந்து வந்த அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். அதுவும் எப்படி? கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் நடுவில் பிடித்து, அரைச் சுற்று. பொறி பறந்தது. நான் அலறினேன். அலறி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. காதை விட்டுவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே இன்னும் வெளிச்சம்கூட வரவில்லை. ஓவன் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. கையை அவள் இன்னும் அதன் முன்னால் நீட்டவே இல்லை.

"இன்னொரு தரம்மா" என்று மறு காதைக் காட்டினேன். திருகினாள். அப்பா, சுகமாக வலித்தது!

அப்புறம் நேராக மாவுக்குப் போனாள். மாவைக் கிள்ளி மூன்று திரி உருட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டாள். நடுவில் ஒரு முறை நின்று விரலை உதறிக்கொண்டாள். திரும்பவும் போட்டாள். நுனியை மடித்து உள்ளே செருகினாள். கொஞ்சம் கோணல்தான், தூங்கி எழுந்த என் சடை மாதிரி. மாமா அதைத் தட்டோடு வாங்கி ஓவனுக்குள் தள்ளிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். நம் ஓவன் கரண்டில் ஓடுவது, அதில் ஏது புகை? நான் கேட்கவில்லை. எனக்கும் அதே புகைதான்.

அன்றைக்கு அம்மா அதை விற்க விடவில்லை. மூவரும் நின்றபடியே பிய்த்துத் தின்றோம். மறுநாள் கட்டிடக்காரரைக் கூப்பிட்டு, சாவி என்கிட்டயே இருக்கட்டும் என்றாள். நீங்கள் கேட்டிருக்க வேண்டும் அந்தக் குரலை. இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்கும்.

டாக்டரிடம் என் காதையே ஆதாரமாகக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்து, பிடி வலிமை திருப்திகரம் என்று நிஜமாகவே எழுதினார். கூடவே, இது அடங்கியிருக்கிறது, ஓடிப்போகவில்லை என்றார். சில காலைகள் இன்னும் விறைப்பாக இருக்கும். ஏற்கெனவே கோணின சுண்டுவிரல் இனி நிமிராது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் அவள் ஆரம்பித்தாள் பாருங்கள்! குமட்டல், தோள்பட்டை, காலையில் செருப்பு மாட்ட வராதது, இவர் வராந்தாவில் உட்காரப் போட்டிருக்கிற பெஞ்சு உட்பட. ஏன்தான் கேட்டேனோ என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார், ஆனால் சிரித்துக்கொண்டேதான். இப்போதெல்லாம் வருகிற எல்லோரிடமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறாராம். அதனால் வரிசை வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறதாம். நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தாலே முறைக்கிறார்.

என் சடையை இன்று அம்மாதான் போட்டாள். இழுத்த இழுப்பில் கண் இரண்டும் மேலே போயிருக்கிறது. அடுத்த போட்டோவில் நான் ஆச்சரியப்படுகிற மாதிரி இருந்தால் காரணம் அதுதான்.

கடைசியாக ஒன்று, அப்பா. இதை மட்டும் அம்மாவுக்குக் காட்டாமல் எழுதுகிறேன். போன தடவை வீடியோவில் பேசும்போது உங்கள் தொப்பி கீழே விழுந்தது. அதை எடுக்க நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தீர்கள். நீங்கள் நிமிரும்வரை ரொம்ப நேரம் திரையில் வெறும் சுவர்தான் இருந்தது. அப்புறம் வந்து ஜோக் அடித்தீர்கள். நல்ல ஜோக்தான். நான் சிரிக்கவில்லை, நீங்கள் கவனிக்கவில்லை.

முதுகா, முழங்காலா, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். எங்களுக்காகச் சமாளிக்க வேண்டாம். கப்பலிலிருந்து இறங்கி எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்றாலும் வாருங்கள். தாங்கிப் பிடிக்க இந்த வீட்டில் இப்போது நாலு கை இருக்கிறது.

சீக்கிரம் வாருங்கள், பத்திரமாக வாருங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரர் உயிரை வாங்கிக்கொண்டிருக்கும்,
உங்கள் வாலு