ஜாக்கைப் பிடித்து வைத்திருந்த மச்சானுக்கு

சிசிலியில், பாலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையின் ஓரத்தில் இப்போது வங்காளி ஒருவர் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். நேற்றுக் கீரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த வாசலில் ஈயம் உருகும் மணம் அடித்தது. தொண்டையில் போய்க் கரகரக்கிற அந்தப் புகைதான். கால் தானாக நின்றுவிட்டது. என்ன உடைந்தது என்று அவர் இத்தாலியனில் கேட்டார். ஒன்றும் உடையவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். சந்தை முடிவதற்குள் உன்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன், மச்சான்.

அந்த மணம் தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு மணம். இதே சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், ஈரம் ஊறிய சுவரோடு இரண்டு அறை. நீ ஒரு வயதான இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் வேலை. நான் கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் நமக்கு ஓய்வு. அப்படி ஒரு வியாழக்கிழமைதான் நீ அந்தச் சனியனை வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

படியில் ஏதோ உராய்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நீ பின்பக்கமாக ஏறி வருகிறாய், கீழேயிருந்து கோப்பிப் பார் நடத்துகிற நினோ தள்ளிக்கொண்டு வருகிறான். நடுவில் ஆளுயரப் பெட்டி. முகத்தில் ஒரு கண்ணாடித் திரை, அதன் கீழே வரிசையாக ஐந்து பொத்தான்.

"உதென்னடா?"

"போக்கர் மிஷின், மச்சான். பழுதாப் போச்சுதெண்டு நினோ எறியப் பாத்தான். நான் கேட்டு எடுத்தனான்."

"என்னத்துக்கு?"

"நாங்கள் இஞ்சை ரெண்டு பேர்தானே. சீட்டிலை முந்நூற்றிநாலு அடிக்க நாலு பேருக்கு எங்கை போறது? இதெண்டால் தனியவும் விளையாடலாம்."

இவன் ஆருக்குக் காது குத்துகிறான் என்றுதான் நினைத்தேன். நினோ சும்மா ஒரு கோப்பிகூட ஊற்றித் தராதவன். அவன் வியர்க்க வியர்க்க மூன்று மாடி ஏறி ஒரு மிஷினைச் சும்மா தந்துவிட்டுப் போகிறான் என்றால் அதற்குள் ஏதோ இருக்க வேண்டும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியக்காலையிலிருந்து நிற்கிற சாதி நாங்கள். வீட்டுக்குள் சூதாட்ட மிஷின் இருக்கிறது என்று எவனாவது போய்ச் சொன்னால் என்ன ஆகும்? நீ குளிக்கப் போன நேரம் டோர்ச் அடித்து உள்ளே தேடினேன். சில்லறை விழுகிற தகரப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. ஒரு சிகரெட் கட்டையும், யாரோ ஒட்டிவைத்த மாதா படமும் இருந்தன. மாதா படத்தைக்கூட உரித்துப் பின்னால் பார்த்தேன்.

கெஸ்தூராப் பயத்தைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதற்கு முந்திய கிழமைதான் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்திருந்தேன். அம்மாவும் தங்கச்சியும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தார்கள். உனக்குத் தங்கச்சியைக் கேட்டு உன் வீட்டார் வந்துபோயிருந்தார்கள்.

"நீதானே பொடியனோடை ஒரே வீட்டிலை இருக்கிறாய். குடி, சூது ஒண்டும் இல்லையே?" என்று அம்மா கேட்டா. "அப்பா இல்லாத பிள்ளை. நீ ஓம் எண்டால்தான் நான் ஓம் எண்டுவன்."

"பொறுங்கோ அம்மா, பாத்துச் சொல்லுறன்," என்றேன்.

பார்த்துச் சொல்கிறேன் என்றவனின் கண்முன்னால் அடுத்த கிழமையே போக்கர் மிஷின் வந்து நிற்கிறது! பாலெர்மோவில் அந்த மிஷினுக்கு முன்னால் நின்று சம்பளத்தைக் கரைத்த நம்முடைய ஆட்களை எனக்குத் தெரியும். நான் சந்தேகப்பட்டது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். கூடப்பிறந்தவளைக் கொடுக்கப்போகிறவன் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உன்னைப் பார்த்தேன். பெட்டியைச் சுவரோடு நிறுத்தியதும் உன் விரல் நேரே அந்த ஐந்து பொத்தானுக்குப் போனதே, அது எப்படி? வைத்திருக்க விரும்புகிற சீட்டின் கீழே உள்ள பொத்தானை அமத்த வேண்டும் என்று எனக்கே விளங்கப்படுத்தினாய்.

"உனக்கு உது எப்பிடித் தெரியும்?"

"பாரிலை கோப்பி குடிக்கேக்கை பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

கோப்பி குடிக்க எவ்வளவு நேரம் செல்லும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு வியாழனும் நீ அந்தப் பாருக்குப் போவது அப்போதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் திருத்தும்போது நீ வேறு ஆள். சுன்னாகத்தில் ரேடியோ திருத்தும் கடையில் கொஞ்சக் காலம் நின்றவன் என்று சொல்லியிருந்தாய். அதையும் நான் முழுதாக நம்பியிருக்கவில்லை. மிஷினுக்குக் கரண்ட் கொடுத்தால் உறுமும், படம் வராது. நீ பின்கதவைக் கழற்றி, "இதுக்கை கை வைக்காதை, கரண்ட் கழட்டினாலும் ட்யூப் அடிக்கும்," என்று என்னைத் தள்ளி நிறுத்தினாய். ஒரு திருப்புளியில் வயர் சுற்றி, மற்ற முனையைப் பெட்டியின் இரும்பில் கட்டி, பட ட்யூபின் ஓரத்தில் தொட்டாய். சடக்கென்று ஒரு பொறி. நான் பாய்ந்து விலகினேன், நீ சிரித்தாய்.

உள்ளே சின்ன பட்டரி ஒன்று பொங்கி, பச்சையாக வழிந்து, பலகையில் ஓடுகிற செப்புக் கோடுகளைத் தின்றிருந்தது. அதைத் தேசிக்காய்ப் புளியால் துடைத்துக் கழுவி, அறுந்த கோடுகளுக்குப் பதிலாக மயிர் போன்ற வயர்களைப் பற்றவைத்தாய். பலகை செருகுகிற முனையைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தாய். வீங்கிய கப்பாசிற்றருக்கு மாற்று, வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஞாயிறு மாறி ஞாயிறு அந்த வேலை நடந்தது. டோர்ச் பிடிப்பது நான். வெளிச்சம் பலகையில், என் கண் உன் முகத்தில். சூதாடிக்குக் கை நடுங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உன் கை நடுங்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் அம்மா இரண்டு தரம் எடுத்துக் கேட்டுவிட்டா. நான் பொறுங்கோ, பொறுங்கோ என்று இழுத்தேன். உன் வீட்டார் வேறு இடம் பார்க்கலாமோ என்று யோசிப்பதாகவும் கதை வந்தது. தங்கச்சி தொலைபேசிக்கு வரவே இல்லை. அவளுக்கு உன் படம் பிடித்திருந்தது என்று அம்மா ஒரு சாட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னா.

ஒரு ஞாயிறு மத்தியானம் படம் வந்தது. நீலத் திரையில் ஐந்து சீட்டு. நீ சின்னப் பிள்ளைபோலக் கத்திவிட்டாய். கதிரையை இழுத்துப் போட்டு விளையாட உட்கார்ந்தாய். நான் பின்னால் நின்றேன், இனி இவன் சாயம் வெளுக்கும் என்று.

முதல் கையில் உனக்கு இரண்டு ராசா வந்தது. கூடவே ஒரு ஜாக், ஒரு ஒன்பது, ஏதோ ஒரு ஏழு. நீ ஜாக்கையும் ஒன்பதையும் பிடித்து வைத்துக்கொண்டு ராசா இரண்டையும் தூக்கி எறிந்தாய்!

முந்நூற்றிநாலில் அது சரி. யாழ்ப்பாணத்தில் சீட்டுப் பிடித்த எவனுக்கும் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிது, அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் கீழே எங்கோ கிடக்கும். போக்கரில் அந்தக் கதை கிடையாது. நீ அடுத்த கையிலும் அதையே செய்தாய், அதற்கடுத்த கையிலும். மிஷின் உன்னை விழுங்கிக்கொண்டே இருந்தது.

"பாத்தியே மச்சான், ஒன்பது சோடிக்கு ஒண்டும் தரேல்லை. முன்னம் தானா வந்த ராசாச் சோடிக்குத் தந்தது. உது இன்னும் பழுதுதான்."

"டேய், இதிலை ராசாதான்ரா பெரிசு. ஜாக் அதுக்குக் கீழை."

நீ மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாய்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கடையிலை குசினிக் கதவடியிலை ஒண்டு நிக்குது. கோப்பை கழுவேக்கை பாக்கிறனான்."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன் கோப்பிக் கதையைவிட என் கோப்பை கழுவின கதை எந்த விதத்தில் உசத்தி? நீ மேலும் கேட்பாய் என்று நினைத்தேன். "ஓ, அப்பிடியே," என்றுவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாய். அவ்வளவுதான்.

இவன் நடிக்கிறானோ என்றும் எனக்கு ஓடியது, மறைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் நீ பின்கதவைக் கழற்றிவிட்டாய். "ஜாக்கைச் சின்னனாக்கிற மிஷின் எப்பிடிச் சரியாகும், சொல்லு பாப்பம்?" என்று இல்லாத பழுதை ஒவ்வொரு வயராகத் தேடினாய். இப்படி நடிக்க எந்தச் சூதாடியாலும் முடியாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய்த் தொலைபேசியில் அம்மாவிடம் ஓம் என்றேன்.

தங்கச்சி வந்ததும் முதல் வேலையாக மிஷினின் கரண்டைப் பிடுங்கினாள். மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையார் படத்தை வைத்தாள். பிறகு என் மனைவியும் வந்து சேர, முந்நூற்றிநாலுக்கு நாலு கை சரியானது. நீ ஜாக்கை மேசையில் அடிக்கிற அடியில் கீழ் வீட்டுக்காரி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். வளர்ந்த பிறகு உன் மகளும் அந்த விளையாட்டில் சேர்ந்து, சிசிலிக்காரரின் இழுவையோடு இத்தாலியனில் உன்னைத் திட்டுவாள்.

போன மாசியில் நீ போய்விட்டாய். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, தங்கச்சி குசினியில் என்னோடு நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, உனக்கொண்டு தெரியுமே? கலியாணம் பேசேக்கை அம்மா இவரிட்டையும் போனிலை கேட்டவா, உன்னைப் பற்றி."

"என்னைப் பற்றியோ? என்னெண்டு?"

"வெளிநாட்டிலை பொடியள் சூதிலை விழுறாங்களாம் எண்டு ஆரோ அம்மாவைப் பயப்பிடுத்திப்போட்டினம். நீயும் அப்பிடியோ எண்டு கேட்டிருக்கிறா. 'மாமி, அவனைப் பற்றி இப்பிடிக் கேக்கிறதெண்டால் எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்' எண்டுபோட்டு இவர் போனை வைச்சிட்டாராம்."

"எப்ப இது?"

"அம்மா உன்னைக் கேட்ட அதே கிழமை. 'அண்ணைக்குச் சொல்லாதை, கவலைப்படுவான்' எண்டு இவர் கடைசிமட்டும் என்னைச் சொல்ல விடேல்லை."

அந்த மிஷின் படியேறி வருவதற்கு முன்னமே, மச்சான். நான் குசினியில் நின்று அழுதேன். தங்கச்சி உனக்காக அழுகிறேன் என்று நினைத்தாள், அதுவும் சரிதான்.

நான் மாறவில்லை. இப்போதும் எவன் எதைச் சும்மா தந்தாலும் பின்னால் திருப்பிப் பார்க்கிற ஆள்தான். ஆனால் என்னைப் பற்றிச் சொல்ல உனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. உன்னைப் பற்றிச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.