பேனரில் வந்த கல்

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். முகப்பேர் ஃப்ளாட்டில் ஃபேன் சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம்.

செம்பரம்பாக்கத்தில் எங்கள் மனைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமி போன். ஊரில் ஆடிக் கூழ். பேனருக்கு ஏரியின் பழைய படம் வேண்டுமாம். யாரிடமும் இல்லை. நான் கம்ப்யூட்டர்காரன், செய்து தரணுமாம். ஆவணியில் வீட்டுக்குக் கடக்கால் போடப் போகிறோம், ஊர்க்காரர்கள் தயவு வேண்டும். சரியென்றேன்.

மனையில் நின்று ஏரிக்கரையை எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. ஏ.ஐ.யில் போட்டு, நூறு வருஷம் முந்தி எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். குடோன்கள் போயின. வயல், பனை, கொக்கு. முன்னால் தானாகவே ஒரு வேப்பமரம், அடியில் மஞ்சள் துணி சுற்றிய கல். நன்றாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். கொக்குக்கு மூணு கால் என்றாள் மனைவி கலா. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

ஜூலை 24, வியாழன்

கேஸ் புக் பண்ணணும். கலாவுக்குப் பல் டாக்டர்.

பேனர் சூப்பர் என்று முனுசாமி வாட்ஸ்அப். உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஜூலை 26, சனி

முனுசாமி மறுபடி போன். குரலில் மரியாதை கூடியிருந்தது. பேனரில் கரை வளைவை வைத்து, கல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

"உங்க மனைதான் சார். மூலைல கல்லு நட்டு மஞ்ச பூசிக்கீறோம்."

படம் எடுத்ததே அங்கே நின்று. முன்னால் வேறு யார் மனை தெரியும்? முட்டாள், முட்டாள். பேங்க் லோனில் வாங்கிய இடம். கல் நின்றால் வீடு இல்லை. பயமாக இருக்கிறது.

கொக்கு காலை எண்ணின எனக்குக் கல்லு தெரியலையே என்று கலா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து, வரவில்லை. இருவரும் வண்டியில், பூந்தமல்லி வழியாக. பையில் லேப்டாப். கல்லை நானே பிடுங்கிப் போடுவேன் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தாள் கலா.

முனுசாமி வீட்டு வாசலில் நாலைந்து பேர். அசல் போட்டோவைக் காட்டினேன். அவர்கள் கண்ணெதிரே மறுபடி செய்தேன். இந்த முறை கல் இல்லை, கிணறு. பாருங்க, இதெல்லாம் கற்பனை, இதுக்கு ஒண்ணும் தெரியாது என்றேன்.

முனுசாமி கோபப்படவில்லை. கடைசிவரை கேட்டார்.

"மிஷினு பொய் சொல்லிக்கும் சார், இல்லேங்கல. வெள்ளிக்கெழம எங்க ஊட்டு பொம்பள மேல ஆத்தா வந்து, இங்கதான் கீறேன்னு சொன்னா. அத்த இன்னா பண்றது?"

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன்.

மனையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் கலா. மூலையில் கல், எலுமிச்சம்பழம், கற்பூரக் கரி. விடுவிடுவென்று நடந்தவள் எல்லைக்கல் கிட்டே நின்றாள். செருப்பைக் கழற்றினாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.