கட்டி கரைந்துவிட்டது, அக்கா

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த ராசாத்தி அக்காவுக்கு,

உன் மகள் மலர் பிழைத்துக்கொண்டாள்! மெட்ராஸ் ரயிலை விட்டு அரியலூரில் இறங்கியவன், தா.பழூர் பஸ் வருவதற்குள் ஸ்டேஷன் பெஞ்சிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த மாசியில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த மலர், வலது கை வெட்டி வெட்டி இழுக்கத் தரையில் விழுந்தாள். பதினைந்து வயசுப் பிள்ளை! சாமிக் குற்றம் என்றது ஊர். மச்சானும் நானும் மெட்ராஸுக்குத் தூக்கிப்போனோம்.

அங்கே புதிதாக வந்திருக்கும் ஸ்கேன் மெஷினில் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் ஒரு வெள்ளை வளையம், சுற்றிலும் வீக்கம்.

"கேன்சர் கட்டியா இருக்கலாம். மண்டையத் திறந்துதான் பாக்கணும்" என்றார் ஒரு டாக்டர். மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய டாக்டரம்மா ஒருத்தர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "காசநோய்க் கிருமி மூளையில தங்கினாலும் இதே மாதிரி வளையமாத் தெரியும். படத்த மட்டும் வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?"

"இல்லீங்கம்மா" என்றார் மச்சான், சட்டென்று.

அக்கா, கடைசி நாட்களில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே: "நெஞ்சுல சளின்னு மட்டும் சொல்லுடா. வெளிய தெரிஞ்சா எம்புள்ளைய எவன் கட்டுவான்?" டாக்டரம்மா கேட்ட அந்த நிமிஷம்வரை ஒருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

"இருந்துச்சுங்கம்மா. இவ அம்மா அதுலதான் போனாங்க" என்றேன்.

மச்சான் என்னை முறைத்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார்.

"நல்ல வேளை சொன்னீங்க. ஆபரேஷன் பொறுக்கட்டும், மாத்திரை குடுத்துப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

முதல் நாளே மலர் அலறினாள். "மாமா, ஒண்ணுக்கு செவப்பாப் போவுது!" அது மாத்திரையின் சாயம் என்று நர்ஸ் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மூன்று மாசம் கழித்து, நேற்று மறுபடியும் படம். "பாருங்க, வளையத்தக் காணோம்!" என்று டாக்டரம்மாவே துள்ளினார். வளையம் இருந்த இடத்தில் கடுகளவு புள்ளிதான். மச்சான் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, காணோம் காணோம்" என்றார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆச்சு!

என்மேல் கோபமா, அக்கா? உனக்கு இருமல் வந்தபோதே நான் இப்படி வாய் திறந்திருந்தால், இன்று இந்த பெஞ்சில் நீயும் உட்கார்ந்திருப்பாயோ?

மலர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது போண்டாவைத் தின்கிறாள். வலது கையால்தான். மாத்திரை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடணும். ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டேன். இனி நம் வீட்டில் யார் விடாமல் இருமினாலும், ஊர் என்ன பேசினாலும், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவேன். இது சத்தியம்.

மலருக்குத் தாய்மாமன்,
உன் தம்பி முருகேசன்